வலது காது

சொன்னது ஒரே ஒரு சொல். பெரிய சொல்லும் இல்லை, மூக்கால் ஊதிவிட்டால் முடிந்துபோகிற பிரெஞ்சுச் சொல். "முசியே உங்களோடு வந்தவரா, மதாம்?" என்று தோட்டத்துக் காவலர் கேட்டார், கிருஷ்ணவேணி "நோன்" என்றாள், இல்லை என்று, அவ்வளவுதான் நடந்தது, அதற்குள் வழிகாட்டிப் பெண் மடக்கிய மஞ்சள் குடையைத் தூக்கிக் காட்டி, எல்லாரும் உள்ளே வாருங்கள், கதவைச் சாத்தப்போகிறோம் என்று கூப்பிட்டாள், இருபது பேர் நகர்ந்தார்கள், இருபது பேரோடு அவளும் நகர்ந்தாள், கால் தன்பாட்டுக்கு நடந்தது. இப்போது கோட்டையின் சுழல் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாள். நானூறு வருஷத்துப் படிகள், நடுவில் தேய்ந்து குழிந்திருப்பதைக் கவனியுங்கள் என்கிறாள் வழிகாட்டி, எல்லாரும் குனிந்து கவனிக்கிறார்கள், வேணியும் குனிகிறாள், ஆனால் அவள் கண்ணில் நிற்பது டேலியாப் பாத்தியும் சரளைக்கல் பாதையும்தான். காவலர் அப்பாவின் முழங்கையைப் பிடித்திருக்கிறார், முரட்டுத்தனமாக இல்லை, வயசானவர்களைச் சாலை கடத்திவிடுகிற மாதிரி, அப்பா சின்னதாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார் சரி, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்? அதுதான் இப்போது தெரிந்தாக வேண்டும். அப்பாவுக்கு இடது காது போய்ப் பத்து வருஷம் ஆகிறது. புதுச்சேரியில் அரசாங்கத் தோட்டத்தில் முப்பத்து நாலு வருஷம் தோட்டக்காரர், அதில் பாதி வருஷம் புல் வெட்டுகிற மெஷினோடு, மெஷின் கத்தினது முழுக்க இடது காதில்தான் விழுந்தது. வலது காது மட்டும் பழுதில்லை, அடுத்த வீட்டில் தாளிப்பது கேட்கும். அவள் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தால் கேட்டிருக்காது. பக்கத்தில் நீரூற்று வேறு இரைந்துகொண்டிருந்தது. கேட்டிருக்காது என்று ஆறு படி ஏறினாள், கேட்டிருக்கும் என்று ஏழாவது படியில் நின்றாள், பின்னால் வந்தவர் பர்தோன், மன்னிக்கணும் என்று ஒதுங்கிப் போனார். கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது என்று ஒரு நிமிஷம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். அதற்கும் வழியில்லை. அப்பா ஏகாம்பரம் அஞ்சாம் வகுப்புவரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தோட்டம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் மரத்தின் பேர் சொன்னவர். நோன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா.

மேல் தளத்தில் முதல் அறை ஓவியங்களின் அறை. பட்டுச்சட்டை போட்ட பிரபுக்கள் வரிசையாகச் சுவரில் இருந்து பார்க்கிறார்கள், எல்லார் முகத்திலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற பாவனை. இவர் இந்தக் கோட்டையை வாங்கியவர், இவர் தோட்டத்தை வரைந்தவர் என்று குடை நீள்கிறது. தோட்டத்தை வரைந்தவருக்குப் படம் இருக்கிறது, வெட்டினவனுக்கு இருக்கிறதா என்று அப்பா கேட்டிருப்பார். அவரை இங்கே கூட்டிவரவேண்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டாள். பதினாலு வருஷமாகப் பிரான்சில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, அப்பா வந்திருப்பது இப்போதுதான் முதல் தடவை, மூணு வாரத்துக்கு. வாழ்நாள் முழுக்கப் புதுச்சேரியில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பாத்தி வரிசையையே பிடித்துக்கொண்டு செடி வெட்டினவர், அசலைப் பார்க்கட்டும், சந்தோஷப்படட்டும் என்று இன்றைக்கு அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ரயிலில் அழைத்து வந்தாள். சந்தோஷப்பட்டார், அதில் குறையில்லை. ஆளுயர வேலிச்செடிகளைக் கத்தரித்திருந்த நேர்த்தியைப் பார்த்து, "நூலு கட்டித்தான் வெட்டியிருக்கான், வெறுங்கண்ணால வெட்டினா இந்த மூல வராதும்மா" என்றார். டேலியாவிடம் வந்ததும் கால் நின்றுபோயிற்று. செப்டம்பர் டேலியா, சட்டிச் சட்டியாகப் பூத்து, பாதி பூத்து முடிந்து கிடந்தது. "இன்னாம்மா இது, யாரும் கிள்ளலையா? வாடினது உக்காந்துகினு சத்த உறிஞ்சுது பாரு." வழிகாட்டியின் குரல் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது, வாங்கப்பா என்று சொல்லிவிட்டு அவள் நாலு எட்டு முன்னால் போனாள், தோ வரேன் என்றார், அந்தத் தோ வரேனை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், அது அரைமணி நேரம். வாடின பூவைக் கண்டால் அவர் விரல் நிற்காது. யார் வீட்டுச் செடி என்று பார்க்காது, பஸ் ஸ்டாண்டு தொட்டியாக இருந்தாலும் கிள்ளும், கல்யாண வீட்டு வாசலில் கிள்ளி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது. தெரிந்தே நாலு எட்டு முன்னால் போனாள். திரும்பிப் பார்த்தபோது காவலர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், அப்பாவின் கை நிறைய டேலியாத் தலைகள், காவலர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், மொட்டுகளையெல்லாம் பறித்துவிட்டார், இத்தனை மொட்டு என்று. அவை மொட்டு இல்லை. டேலியா வாடினால் இதழ் உள்ளே மடங்கிக் கூம்பிக்கொள்ளும், தெரியாதவர்கள் மொட்டு என்று நினைப்பார்கள். உருண்டது மொட்டு, கூம்பினது வாடினது, தொட்டால் கெட்டியாக இருப்பது மொட்டு, மெத்தென்று ஈரம் கசிவது வாடினது. ஆறு வயசில் அவளுக்குத் தெரியும் இது. அந்த இருபது பேரில் அவர் கையில் இருப்பது குப்பை என்று தெரிந்த ஒரே ஆள் அவள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், இது எங்கள் அப்பா, இவர் செடிக்கு உபகாரம் செய்கிறார் என்று, அழகான பிரெஞ்சில், இலக்கணப் பிசகில்லாமல். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? கொழுக்கட்டை இருந்திருந்தால்கூடத் தேவலை, அந்தச் சொல்லும் வந்திருக்காது.

அரசன் ஒரு ராத்திரி தங்கிப்போன அறை. கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு, கட்டில் குட்டையாக இருக்கிறது, அந்தக் காலத்தில் படுத்தா தூங்குவார்கள், சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவார்கள், படுப்பது பிணம் என்று நினைத்தார்கள் என்கிறாள் வழிகாட்டி. நல்ல வழக்கம் என்று வேணிக்குத் தோன்றியது, இன்றைக்குப் படுத்தால் தூக்கம் வராது. பக்கத்தில் லியோனிலிருந்து வந்த அம்மாள், நீல மழைக்கோட்டு, காலையில் அப்பா தள்ளி நின்று மரம் பார்த்துக்கொண்டிருந்தபோது டிக்கெட் வரிசையில் சிநேகமாகிவிட்டவள், "களைப்பா இருக்கா?" என்று கேட்டாள், இல்லை என்று தலையாட்டினாள். இன்னொரு நோன். இந்த அம்மாள்தான் ஆரம்பம், யோசித்துப் பார்த்தால். "உங்கள் பிரெஞ்சில் வெளியூர் வாடையே இல்லையே" என்று சொன்னாள், வேணிக்கு உச்சி குளிர்ந்தது, அந்தக் குளிர்ச்சியில் மிதந்துதான் நாலு எட்டு முன்னால் போனாள், அந்த அம்மாளோடு ரோஜா வகை பற்றிப் பேசிக்கொண்டே. அப்போது பார்த்துக் காவலர் வந்தார், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், யாரிடமும் நிற்காமல் அந்தப் பார்வை நேராக அவளிடம் வந்து நின்றது. ஏன் அவளிடம்? இருபது பேரில் மாநிறம் அவள் ஒருத்திதான். அவர் அப்பாவையும் அவளையும் சேர்த்து வைத்தது முகஜாடையை வைத்து இல்லை, தோலை வைத்து. அந்த ஒரு நொடியில் சுருக்கென்றது, நிறம் ஒன்றானால் ஒரே வீடா, பதினாலு வருஷம் வரி கட்டியும் நான் உனக்கு இவ்வளவுதானா என்று ஒரு கோபம், அந்தக் கோபத்தில் வந்த சொல்தான் அது, கேள்வியின் அசிங்கத்துக்குச் சொன்ன பதில், அப்பாவைச் சொன்னதே இல்லை. நன்றாக இருக்கிறது. கோர்ட்டில் சொல்லலாம். கட்டிலின் நாலு தூணையும் சுற்றி வந்து பார்த்தாள், நியாயம் நின்றது, நாலாவது தூணில் விழுந்துவிட்டது, ஏனென்றால் காவலர் எதை வைத்துக் கேட்டிருந்தாலும் கேட்டது சரிதானே. அவரோடுதானே வந்தாள். ஒரே ரயிலில், பக்கத்துப் பக்கத்து சீட்டில், அவர் கொண்டுவந்த முறுக்கைப் பாதி பாதி கடித்துக்கொண்டு வந்தாளே. கயிற்றைத் தொடாதீர்கள் மதாம் என்றாள் வழிகாட்டி, அப்போதுதான் சிவப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது.

இங்கேயிருந்து திரும்பிப் போய்விடலாம். போனால் வழிகாட்டி, எங்கே மதாம் என்பாள், வந்த வழியாகப் போக முடியாது, ஒவ்வொரு அறையும் தாண்டினதும் பின்னால் பூட்டிக்கொண்டு வருகிறாள், சாவிக்கொத்து சத்தம் கேட்கிறது. கேட்டால் திறந்துவிட மாட்டாளா? திறப்பாள். எதற்கு என்பாள். அந்த எதற்குக்குப் பயந்துதான் அடுத்த அறைக்கும் போனாள். நடன மண்டபம். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல். வெள்ளைக் கல்லில் மட்டும் கால்வைத்து நடந்தாள், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நடக்கிற மாதிரி, வரிசை என்றதும் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தது வந்தேவிட்டது. ஏழாம் வகுப்பு. டீச்சர் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்கவைத்து அரசாங்கத் தோட்டத்துக்கு மலர்க் கண்காட்சி பார்க்கக் கூட்டிப்போனார், அவளோடு கைகோத்தவள் ஷகிலா. "உங்கப்பா இங்க ஆபீசர்னியே, எந்த ரூம்?" என்று கேட்டாள் ஷகிலா. ஆபீசர் என்று வேணி சொல்லிவைத்திருந்தாள், ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, ஒரு தடவை சொன்னது, அப்புறம் திருத்தவில்லை. வளைவு திரும்பினால் பாதையில் அப்பா, காக்கி அரைக்கால்சட்டை, முழங்காலெல்லாம் மண், குத்துக்காலிட்டு டேலியாச் சட்டிகளுக்கு நடுவில். நிமிர்ந்தார், வரிசையைப் பார்த்தார், வரிசையில் அவளைப் பார்த்தார். அவள் செத்தேன் என்று நினைத்தாள். அவர் எழுந்து பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றார், வருகிறவர்களுக்கு வழிவிட்டு நிற்பாரே அப்படி, கையை முன்னால் கட்டிக்கொண்டு, பார்வையைக் கீழே போட்டு. நாற்பது பிள்ளைகளும் கடந்துபோகிறவரை தலை நிமிரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "எந்தப் பூ புடிச்சிது பாப்பாக்கு?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவளுக்கு என்ன சந்தோஷம். எவ்வளவு நல்ல அப்பா என்று நினைத்தாள், நன்றியாகக்கூட இருந்தது. இத்தனை வருஷமும் அதை அப்பா செய்த காரியமாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் செய்தது என்ன அதில்? ஒன்றுமே செய்யவில்லையே. கடந்துபோனாள், அவ்வளவுதான், இன்றைக்குப் போன மாதிரி.

சமையல்கட்டு கடைசி. கீழே இறங்கவேண்டும், தொங்கவிட்ட செம்புப் பாத்திரங்கள், ஆள் நுழைகிற அடுப்பு, ஒரு முழுப் பன்றியைச் சுட்டெடுக்கிற கம்பி. அடுப்பைப் பார்த்ததும் பயம் வேறு ரூபத்தில் வந்தது. அப்பாவின் பாஸ்போர்ட் அவள் கைப்பையில் இருக்கிறது. தொலைத்துவிடுவார் என்று காலையில் வாங்கி அவளே வைத்துக்கொண்டாள். போலீஸைக் கூப்பிட்டிருப்பார்களோ, காகிதம் கேட்டிருப்பார்களோ, வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாரோ. கைப்பைக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட்டின் அட்டையைத் தடவினாள், இருந்தது, இருப்பதுதானே சங்கடம். ஆனால் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்துவிட்டிருந்தாள், அவள் பேரும் போன் நம்பரும் எழுதி, எங்கேயாவது தவறிப்போனால் யாரிடமாவது காட்டுங்கப்பா என்று, அவர் கேலியாக, நான் இன்னா எல்கேஜி பிள்ளையா என்றார். அந்தச் சீட்டைக் காட்டினால் உடனே கூப்பிடுவார்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆகிறது, போன் அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது. சீட்டை மறந்திருப்பாரா? மறக்கிற ஆளா? மரத்தின் வயசு மறக்கமாட்டார், யார் எந்த வருஷம் வைத்தது என்று மறக்கமாட்டார். மறக்கவில்லையென்றால், காட்டவில்லை என்று அர்த்தம். காட்டவில்லையென்றால், கேட்டிருக்கிறது. அந்தக் கணக்கு அப்படிப் பட்டென்று முடிந்தது, இடதும் வலதும் நீரூற்றும் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. உங்களோடு வந்தது எங்களுக்குச் சந்தோஷம், வலதுபக்கக் கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போகலாம் என்று வழிகாட்டி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தன் கையையே பார்த்தாள்.

வாசற்பக்கத்துக் காவல் அறைக்கு அவள் போனது நடையா ஓட்டமா என்று சொல்லமுடியாது. காவலர் மட்டும் இருந்தார், அவளைக் கண்டதும் எழுந்துவந்தார், முகமெல்லாம் சங்கடம். "மதாம், நானே உங்களைத் தேடி வரலாம் என்றிருந்தேன். மன்னிக்கவேண்டும். உங்களைப் பார்த்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நிறத்தை வைத்து... தப்புதான். அந்த முசியே தனியாகத்தான் வந்திருக்கிறார், மகளுக்கு இன்று வேலையாம்." அவள் தனக்குத்தானே கட்டிவைத்திருந்த நியாயத்தை எடுத்து அவர் தங்கத் தட்டில் வைத்து நீட்டினார், அதை வாங்கவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "எங்கே அவர்?" என்றாள். "எங்கள் தலைமைத் தோட்டக்காரி வந்து பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், என்னைத்தான் திட்டினாள். இரண்டு ஆள் லீவு, மூணு வாரமாக நாங்கள் கிள்ளாததை இந்த மனிதர் கிள்ளியிருக்கிறார், ஒரு மொட்டு தப்பாக எடுக்கவில்லை, இவரையா பிடித்துவைத்திருக்கிறாய் என்று. இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்." டேலியாப் பாத்திக்கு நூறு அடி இருக்கும், அந்த நூறு அடியில்தான் இன்னும் மோசமானது ஒன்று அவளுக்கு உறைத்தது. கள்ளன் என்று பிடித்து வந்தபோது யாரோ என்றாள். கெட்டிக்காரர் என்று தெரிந்த பிறகு அப்பா என்று போய் நிற்கப்போகிறாள். இதற்கு அந்த நோனே மேல். திரும்பிப் போய் ரயில் நிலையத்தில் காத்திருக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு வந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தாள். தூரத்திலிருந்தே தெரிந்தார், அவள் வாங்கிக்கொடுத்த சாம்பல் ஸ்வெட்டரோடு குத்துக்காலிட்டு, பக்கத்தில் பச்சை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மாள், அறுபது வயசிருக்கும், நடுவில் ஒரு வாளி. இரண்டு பேரும் கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாளி நிறைந்து மேலே வழிந்திருந்தது. பொத்தான் போடாத ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் அந்தச் சீட்டின் முனை தெரிந்தது, அவள் காலையில் மடித்த மடிப்புக் கலையாமல். சரளைக்கல் சத்தம் கேட்டுத் தோட்டக்காரி நிமிர்ந்தாள், "யாரையாவது தேடுகிறீர்களா, மதாம்?"

அவள் வாயைத் திறக்குமுன் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தோட்டக்காரியிடம், ரகரம் உருளுகிற அந்தப் புதுச்சேரி பிரெஞ்சில், மெதுவாக, மரியாதையாகச் சொன்னார், "மதாம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்." சொல்லிவிட்டு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, கையை முன்னால் கட்டி, பார்வையைக் கீழே போட்டு, அவள் கடந்துபோவதற்கு வழிவிட்டு நின்றார். கட்டின கைக்குள் நாலைந்து கூம்பின தலைகள் இருந்தன. வேணி கடக்கவில்லை. பிரெஞ்சில் சொன்னதைப் பிரெஞ்சில்தான் திரும்ப எடுக்கவேண்டும், அவருக்கு வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள், தோட்டக்காரியைப் பார்த்துச் சொன்னாள், "இவர் என் அப்பா. என்னோடுதான் வந்தார். காவலர் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னேன்." தோட்டக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள், அந்தப் பார்வை நியாயமான பார்வைதான். அப்பா தலையைத் தூக்கவில்லை. வலது காதைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார், யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி தணிவாகக் கேட்டார், "உன்கூட வந்தவங்கல்லாம் போயிட்டாங்களாம்மா?"

அவளுக்காகத்தான் கேட்டார். அவளைக் காப்பாற்றத்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தாள். போகவில்லை, இருபது பேரும் சமையல்கட்டுக் கதவு வழியாக வெளியே வந்து கோட்டைப் படிகளில் நின்றுகொண்டிருந்தார்கள், முன்னால் நீல மழைக்கோட்டு, இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மஞ்சள் குடையும் பார்த்துக்கொண்டிருந்தது. வேணிக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சல் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவள் நம்பமாட்டாள், அது இருக்கும், ரயிலிலும் கூட வரும். "இல்லப்பா," என்றாள், "எல்லாரும் இங்கதான் இருக்காங்க, பாத்துகினுதான் இருக்காங்க." சொல்லிவிட்டுச் சரளைக்கல்லிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், ஆறு வயசில் பாவாடையை ஏந்துவாளே அப்படிப் போட்டிருந்த மேல்கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்து ஏந்தினாள், வாளியில்தான் இடமில்லையே. அப்பா விரித்த கோட்டுத் துணியைப் பார்த்தார். "கறை புடிக்கும்மா," என்றார். "பரவால்லப்பா." அவர் குனிந்து, கைக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக அதில் போட்டார்.